பட்டியலில் இல்லாத துணி

கண்காட்சிப் பட்டியலில் அறுபத்திரண்டு பொருட்கள். அறைகளில் அறுபத்து மூன்று.

எண்ணிக்கை தவறியிருக்க வழியில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஆம்ப்ரோஸ் தேல்வால் என்ற கலைஞனின் ஓவியம், வண்ணக் கண்ணாடி, டைல்ஸ், நாற்காலி, பூவேலைத் துணி என்று ஆறு வருடம் ஊர் ஊராக அலைந்து எண் போட்டவள் வினிஃப்ரெட்தான். அந்தப் பட்டியல் அச்சான புத்தகத்தின் அட்டையில் மட்டும் அவள் கணவன் ரூபர்ட்டின் பெயர். நன்றிப் பக்கத்தின் கடைசி வரியில், 'அலுக்காமல் தேநீர் போட்டுத் தந்த என் மனைவிக்கும்.' இன்று பிற்பகல் திறப்பு விழாவுக்கு வந்த பிறகுதான் அதைப் பார்த்தாள்.

"இது யாரு எழுதினது ரூபர்ட்?"

"சும்மா ஜோக்குக்கு, வின்னி. எல்லாரும் ரசிச்சாங்க."

"நான் ரசிக்கல."

"மூஞ்சிய அப்படி வச்சுக்காத. மேயர் கையில இருக்கிற ஒயின் புளிச்சிடப் போவுது."

ஒரு துணியைக்கூடத் தேல்வால் தைக்கவில்லை. தைத்தவர்கள் அவன் மனைவியும் தங்கைகளும். மூலையில் அவர்கள் தைத்த தங்கள் முதலெழுத்துகளைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் தன் எழுத்தைத் தைக்க வைத்தான். துணியைத் திருப்பினால் பழைய ஊசித் துளைகள் தெரியும். அதைப் பற்றி வினிஃப்ரெட் எழுதிய பதினொரு பக்கத்தையும் ரூபர்ட் எடுத்துவிட்டான். அவன் பேசி முடித்ததும் எழுந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிடப் போகிறாள். தேல்வால் செய்ததையும், ரூபர்ட் செய்ததையும். இன்று விட்டால் இனி வாய் திறக்கவே முடியாது.

அதுவரை ஆத்திரத்தை அடக்கிக்கொள்ளத்தான் கடைசி அறைக்கு வந்தாள். கண்காட்சி நடந்த பழைய கம்பளி மில்லில் ஒரு காலத்தில் மூட்டை அடுக்கி வைத்த அறை அது. சுவருக்கு அப்பால் மைக்கில் ரூபர்ட்டின் குரல் ஈக்கூட்டம்போல் இரைய, நனைந்த ஆட்டு ரோமத்தின் நெய்ப்பிசுக்கு வாடை தொண்டை வரை ஏற, அந்த அறுபத்து மூன்றாவது துணி சுவரை நிறைத்துத் தொங்கியது. அதில் தைத்திருந்த காட்சியில், நீண்ட பெஞ்சில் பெண்கள் வரிசையாகத் தலை குனிந்து உட்கார்ந்து, மடியில் படர்ந்த ஒரே துணியைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் ஓர் இடம் காலி.

முன்னால் கண்ணாடி இல்லை. மூலையில் யாருடைய எழுத்தும் இல்லை. அங்கே ஒரு ஊசி, கறுப்பு நூலோடு, காற்றே இல்லாத அறையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

இந்த ஆறு வருடத்தில் கையுறை போடாமல் ஒரு நூலைக்கூட அவள் தொட்டதில்லை. இப்போது வெறுங்கையால் ஊசியைப் பிடித்தாள். ஒரு மூலையிலாவது ஒரு பெண்ணின் பெயர் இருக்கட்டும். என் பெயர் இருக்கட்டும்.

குத்தினாள். துணி வெதுவெதுப்பாக இருந்தது.

டப். சர்ர்ர். இரண்டாவது தையல். மூன்றாவது.

அவள் எழுத்து இப்படி வளையாது. கை தானாக வளைந்தது. ரூபர்ட்டின் முதலெழுத்து.

இழுத்தாள். கை வரவில்லை.

கத்தினாள். டப் என்ற சத்தம்தான் கேட்டது. அவளுடையது மட்டுமல்ல. வரிசை முழுவதும்.

பெஞ்சில், பக்கத்தில் ஒரு முழங்கால் நகர்ந்து இடம் விட்டது.

அப்பால் கைதட்டல். பேச்சு முடிந்துவிட்டது. செருப்புச் சத்தம் நெருங்கியது. ரூபர்ட், பின்னால் மேயர்.

"இது புத்தகத்துல இல்லையே சார்?"

"கடைசி நேரத்துல வந்திருக்கும். எங்க போனா இவ, கேட்டா சொல்லுவா."

"ஓரத்துல இருக்கிற அம்மாவப் பாருங்க. கண்ணுல என்ன கோவம். புருஷன் வசமா மாட்டியிருப்பான்போல."

"மாட்டினாலும் வேலைய நிறுத்தல பாத்தீங்களா."

இருவரும் சிரித்தார்கள். ரூபர்ட் மூலையைக் குனிந்து பார்த்தான். அதிலிருந்த எழுத்தைப் படித்தான். ஓரத்துப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம்.

அவன் யாரையும் கூப்பிடவில்லை. வெளியே தொங்கிய நூலை விரலால் நீவி ஒழுங்காக்கிவிட்டு, மேயரின் தோளைத் தொட்டு அழைத்துப் போனான்.

அடுத்த எழுத்தும் முடிந்தது. பக்கத்துப் பெண் தலை நிமிராமல் சாய்ந்து, வினிஃப்ரெட்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு நீளமான புது நூலை ஈர உதட்டில் கூராக்கி, அவளிடம் நீட்டினாள்.