ஆறு மணிக்கு மேல் எட்டுப் பேர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுப்புரம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். சன்னலோர நாற்காலியில் மாமனார் முருகையன். எதிர்ச்சுவர் பெஞ்சில் ஒரு காலை மடித்துக்கொண்டு அவருடைய மூத்த மகன் அப்பாதுரை. தரையில் முறத்தை வைத்து மல்லாட்டைக் கடலையை உடைத்தபடி சின்ன மருமகள் காந்திமதி. அவள் முதுகில் சாய்ந்துகொண்டு அவளுடைய ஐந்து வயது மகன். ரேடியோவுக்குக் கீழே அப்பாதுரையின் மகள் அம்சா. சமையலறை நிலைப்படியில், உட்கார்ந்தும் உட்காராமலும், மூத்த மருமகள் கிருஷ்ணவேணி.

அவள் கையில் மஸ்கட்டிலிருந்து வந்த கடிதம். அந்த வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிப்பதும் பதில் எழுதுவதும் அவள் வேலை. எட்டாவது வரை படித்தவள். தேதி, இடம், பொருள் என்று வரிசை தப்பாமல் எழுதுவாள்.

காந்திமதியின் கணவன் சீனுவாசன் எழுதியிருந்தான். பிள்ளைகளுக்கு லீவு விட்டாயிற்று. சென்னைக்குப் பக்கத்தில் கடற்கரையில் நீலக்கடல் பூங்கா என்று ஒன்று திறந்திருக்கிறார்களாம். எல்லாரும் போய் ஒரு ராத்திரி தங்கி வாருங்கள், செலவு என்னுடையது. "எனக்கு வேண்டியது ஒரு போட்டோதான். வீட்டு ஆட்கள் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். பாஞ்சாலி அக்காவும் இருக்க வேண்டும்."

மல்லாட்டை உடைபடும் சத்தம் நின்றது.

"ஏங்க்கா நிறுத்திட்டீங்க, படிங்க" என்றாள் காந்திமதி. "நாத்தனார் வரணும்னு அவரு கேக்குறாரு. அத வராம பண்ணவங்க வாயாலயே படிக்கணும்னு இருக்குது, இன்னா செய்ய..."

"நீ சும்மா இரு" என்றார் முருகையன். பிறகு அவரே கிருஷ்ணவேணி பக்கம் திரும்பினார். "ஆனா காந்திமதி கேக்குறதுல தப்பில்லம்மா. ஒரு தட்டத் தூக்கிக்கினு திண்டிவனம் போய்வர எம்மா நேரம் ஆவும்? பொறந்த பொண்ணுக்குப் போய் கவர ஒட்டிப் பொட்டில போட்டுட்டியே."

கிருஷ்ணவேணி கடிதத்தை மடித்தாள். அப்பாதுரை சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை அது. சீனுவாசன் கல்யாணத்துக்கு இருநூறு பத்திரிகைக் கவர்களுக்கும் மேல்விலாசம் எழுதியவள் கிருஷ்ணவேணி. தபாலில் போனவை வெளியாட்களுக்கு. வீட்டில் பிறந்த பெண்ணை அப்படி அழைப்பதில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு பத்திரிகையை வைத்து, வாசலில் நின்று, வாயால் கூப்பிட வேண்டும். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் பாஞ்சாலிக்குக் கவர்தான் போனது. கிருஷ்ணவேணியின் முத்து முத்தான கையெழுத்து, மேலே தபால் முத்திரை. தம்பி பெண்டாட்டி தன்னை மூன்றாம் மனுஷியாக்கிவிட்டாள் என்று கல்யாணத்துக்கே வராமல் இருந்துவிட்டாள் பாஞ்சாலி. அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். கிருஷ்ணவேணிக்குப் பதிலாக, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனவன் அப்பாதுரை. அக்கா வீடு பூட்டியிருந்ததாம். இன்னொரு நடை போக அலுத்துக்கொண்டு, தட்டிலிருந்த கவரைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, கூப்பிட்டாயிற்று என்று மனைவியிடம் சொல்லிவிட்டான். கவர்தான் போனது என்று தெரியவந்த அன்றைக்கு மாட்டுக் கொட்டகையில் வைத்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். "நான்தான்னு தெரிஞ்சா அக்கா என் மூஞ்சியில முழிக்காது வேணி..." அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

இப்போது, விவரம் கேட்டுப் பூங்காவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள் கிருஷ்ணவேணி. பத்தாம் நாள், எட்டாக மடித்த வழவழப்பான தாள் ஒன்று வந்தது.

கிருஷ்ணவேணி அதைப் பிரித்து மடியில் விரித்தாள். நடுப்பக்கம் முழுக்க இருட்டிய வானம். அதில் தென்னை உயரத்துக்கு மேல் ஒரு ராட்டினம், கம்பிக்குக் கம்பி விளக்கு. அதன் காலடியில் சிவப்பாகவும் பச்சையாகவும் எழும்பும் தண்ணீர். கெடாரில் இருக்கும் சொந்த நிலத்தில் மோட்டார் போட்டதும் குழாயிலிருந்து பாயும் தண்ணீரையே நின்று பார்க்கிறவள் அவள். தண்ணீருக்குள் விளக்கேற்ற முடியும் என்று யார் நினைத்தார்கள்? அடுப்படியில் வைத்து, பால் பொங்கும் நேரத்தில், மடிப்புக் கிழியும் வரை அதைப் பார்த்தாள்.

விவரங்களையும் ஒன்று விடாமல் படித்தாள். பகல் சீட்டு வாங்கியவர்கள் ஆறு மணிக்கு மணியடித்ததும் வெளியே போய்விட வேண்டும். அங்கேயே தங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்பது மணி வரை தனி அனுமதி. வெள்ளிக்கிழமை பாட்டுக் கச்சேரி. சனிக்கிழமை வண்ண நீரூற்றும் விளக்கு ராட்டினமும். தங்குவதற்குக் கடலைப் பார்த்த குடில், மாடி அறை, சவுக்குத் தோப்புக் குடில் என்று மூன்று வகை. ஒரு குடிலுக்கு நாலு பேர்.

"சவுக்குத் தோப்புல ரெண்டு குடில். பொம்பளைங்களுக்கு ஒண்ணு, ஆம்பளைங்களுக்கு ஒண்ணு. சனிக்கிழமை" என்றாள்.

காந்திமதிக்கு முகம் மாறியது. "கடலப் பாக்கத்தானே போறோம்? சவுக்கப் பாக்க எதுக்குக்கா அம்மாந்தூரம்? பாட்டுக் கச்சேரியும் வேணாம்ன்றீங்க. நான் ஆசப்பட்டது எதுன்னு பாத்துப் பாத்துதான் வேணாம்ன்றீங்களா?"

கடல் குடிலுக்குப் பதினாறு படி ஏற வேண்டும் என்று தாளின் ஓரத்தில் போட்டிருந்தது. போன தை மாதம் கிளியனூரில் ஒரு கல்யாணத்தில் பாஞ்சாலியைத் தூரத்தில் வைத்துப் பார்த்திருந்தாள் கிருஷ்ணவேணி. சத்திரத்து மூன்று படியை ஏற, பாஞ்சாலி சுவரைப் பிடித்து மூன்று முறை நின்றாள். சின்ன வயதில் திருவிழா ராட்டினத்தை விட்டு இறங்கமாட்டாளாம், அப்பாதுரை சொல்வான். இதையெல்லாம் இப்போது சொன்னால், நாத்தனாருக்குக் காக்கா பிடிக்கிறாள் என்று அதற்கொரு பேச்சு வரும்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில், தட்டோடு திண்டிவனம் போனாள்.

பாஞ்சாலி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் பெரியசாமி, "வாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"தட்டு நல்லாத்தான் இருக்குது" என்றாள் பாஞ்சாலி. "ஆறு வருசம் லேட்டு."

"நீங்களும் அண்ணனும் அவசியம் வரணும் அண்ணி. கொழுந்தனார் ஆசையா கேட்டு எழுதியிருக்காரு."

"வர்றேன். எந்தம்பி கேட்டுட்டான், அப்பாவையும் பாக்கணும். ஆனா உன்னோட ஒரே ரூமுல படுத்துக்கினு, பக்கத்துல நின்னு பல்லக் காட்டிக்கினு... அது என்னால ஆவாது வேணி. போட்டோவுக்காகக்கூட ஆவாது."

கிருஷ்ணவேணியின் கண்ணுக்குள் அந்த விளக்கு ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றி அணைந்தது. "நான் வரல அண்ணி" என்றாள். "கெடார்ல மல்லாட்டை புடுங்குறாங்க. ஆளுங்களுக்குச் சோறு போடணும். நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க."

அன்று மாலையே பூங்காவுக்குக் கடிதம் எழுதினாள். வருவோர் பெயர்ப் பட்டியல் என்று தலைப்பிட்டு ஒன்று முதல் ஏழு வரை எழுதி, அடியில் கோடு போட்டாள்.

"தோப்பு வேணாம்னு நான் ஒரு வார்த்த சொன்னதுக்கு மொகத்தத் தூக்கிக்கினு வரமாட்டேன்றாங்க" என்று காந்திமதி மூக்கைச் சிந்தினாள். "உனக்கு இம்மாம் வீம்பு ஆவாதும்மா" என்றார் முருகையன். கிருஷ்ணவேணி ஒட்டாத கவரைத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கணவனிடம் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றான். ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

பூங்காவிலிருந்து அனுமதிச் சீட்டுகள் வந்தன. அம்சாதான் எண்ணினாள். "அம்மா, எட்டு இருக்குது. எட்டாவதுல உம் பேரு."

கிருஷ்ணவேணி திரும்பிப் பார்த்தாள். அப்பாதுரை குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். "பேனா இருந்துச்சி... கோட்டுக்குக் கீழ எழுதிட்டேன். ஆளுங்களுக்குச் சோறு போட வேற ஆள் சொல்லியாச்சி. நீ கெளம்பு" என்றான், நிமிராமலே.

திண்டிவனத்தில் பஸ் நின்று பாஞ்சாலியும் பெரியசாமியும் ஏறினார்கள். மகளைப் பார்த்ததும் முருகையன் நகர்ந்து இடம் விட்டார். பாஞ்சாலியின் கண் பின்சீட்டில் இருந்த கிருஷ்ணவேணி மேல் விழுந்தது.

"மல்லாட்டை எல்லாம் புடுங்கியாச்சா?"

கேட்டுவிட்டு, பூங்கா வாசல் வரைக்கும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலே கோபுர உயரம் இருந்தது. உள்ளே வாயைத் திறந்த சிமெண்டு யானை; அதன் தும்பிக்கை வழியாகப் பிள்ளைகள் சறுக்கி விழுந்து எழுந்து ஓடினார்கள். தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில், நிஜ ரயில் போலவே ஊதிக்கொண்டு போனது. முருகையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார், கோயிலுக்குள் போகிறவர் மாதிரி.

சவுக்குத் தோப்புக் குடிலின் வாசலில் பாஞ்சாலி நின்றாள். "படியே இல்லியே. தரையோட தரையா இருக்குது."

"எல்லாம் அக்கா செலக்சன்" என்றாள் காந்திமதி. "கடலே தெரியாத எடமா பாத்து எடுத்தாங்க. அங்க பதினாறு படியாம், காத்து பிச்சிக்கினு போவுமாம்."

பாஞ்சாலி வாசலைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். பிறகு, பைகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணவேணியின் முதுகைப் பார்த்தாள்.

ஆறு மணிக்கு மணியடித்தது. அத்தனை கூட்டமும் வாசல் பக்கம் வடிந்தது. கடைசி ஆள் போனதும் அதுவரை கேட்காத ஒரு சத்தம் கேட்டது: தோப்புக்கு அப்பால் கடல். இவர்கள் எட்டுப் பேரும் இன்னும் ஏழெட்டுக் குடும்பங்களும் அந்தப் பெரிய மைதானத்தில் நின்றார்கள். யாரும் சொல்லாமலே எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அப்போது விளக்குப் போட்டார்கள்.

முதலில் தண்ணீர், தாளில் பார்த்ததைவிடப் பத்து மடங்கு உயரம். சிவப்பாக எழும்பி, மேலே போய் மஞ்சளாகி, பச்சையாக உதிர்ந்தது. காந்திமதியின் மகன் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். அடுத்து ராட்டினம், அடியிலிருந்து உச்சி வரை ஒவ்வொரு வட்டமாக எரிந்துகொண்டே போனது. கிருஷ்ணவேணி விளக்குகளை எண்ண ஆரம்பித்தாள். எதையும் எண்ணி எழுதிப் பழகியவள். நாற்பதுக்கு மேல் முடியவில்லை. கண் கலங்கிப்போயிற்று.

"நான் அதுல ஏறணும்" என்றாள் பாஞ்சாலி, சின்னப் பெண் மாதிரி. பெரியசாமி இரண்டடி பின்னால் போனார். "எனக்குத் தல சுத்தும் தாயி. தம்பியக் கூட்டிக்கினு போ."

அக்காவும் தம்பியும் ஏறினார்கள். மற்றவர்களை ஏற்றிக்கொள்ள ராட்டினம் நின்று நின்று சுற்றியது. அவர்கள் இருந்த பெட்டி உச்சியில் போய் நின்றது. கீழிருந்து கிருஷ்ணவேணிக்கு இரண்டு தலைகள் தெரிந்தன. அப்பாதுரை தலையைக் குனிந்து ஏதோ சொல்கிறான். பாஞ்சாலியின் தலை சடாரென்று அவன் பக்கம் திரும்புகிறது. அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறான். அவள் அவன் காதைப் பிடித்து முறுக்குகிறாள்... கிருஷ்ணவேணிக்குப் புரிந்துவிட்டது.

இறங்கியதும் பாஞ்சாலி காலை இழுத்துக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள்.

"தட்டுல இருந்த பழத்த இன்னாடா பண்ணேன்னு கேட்டேன். பஸ்லயே தின்னுட்டானாம்" என்றாள். "நான் பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்குப் போயிருந்தேன். நான் சாயங்காலம் வந்துடுவேன்னு பக்கத்து வூட்டு சவுரியம்மா சொல்லியிருக்குது. இவன் காத்துக்கினு இருக்க முடியாம மாட்டினி ஷோவுக்குப் போயி, அங்கயே தூங்கிட்டு, எழுந்து கவரப் பொட்டில போட்டுட்டு வந்திருக்கான். உனக்கு இது தெரியுமா, தெரியாதா?"

"வீடு பூட்டியிருந்தது தெரியும் அண்ணி" என்றாள் கிருஷ்ணவேணி. "மாட்டினி தெரியாது."

பாஞ்சாலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஏண்டி சொல்லல? நான் பேசாத பேச்சா..."

"அவருக்கு அக்கான்னு நீங்க ஒருத்தர்தான். அது அறுந்துட்டா ஒட்டாது. நான் வெளியிலேர்ந்து வந்தவ. எம்மேல கோவம் இருந்தா என்னிக்காவது தீரும்னு நெனச்சேன்."

"தீருறதுக்கு ஆறு வருசமாடி..." பாஞ்சாலி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பச்சை வெளிச்சம் இரண்டு பேர் மேலும் விழுந்து சிவப்பாக மாறியது.

முருகையன் பக்கத்தில் வந்து நின்றார். "கவர ஒட்டிப் போட்டியேன்னு ஆறு வருசமா கேட்டேனேம்மா. நீயும் கேட்டுக்கினே இருந்தியே" என்றார். இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாதுரை, சிவந்த காதோடு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான். காந்திமதிதான் கடைசியில் வாய் திறந்தாள்: "அக்கா, அடுத்த சுத்துல நீங்க ஏறுங்க. அண்ணியோட."

ராட்டினத்தின் உச்சியில், தன் கையைப் பிடித்திருந்த கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கிருஷ்ணவேணி கண்ணைத் திறந்தாள். கீழே விளக்கு, அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, கறுப்பாக. அதற்கும் அப்பால் முடிவே இல்லாமல் கடல்.

"இங்கேர்ந்து கடலு தெரியுதே வேணி" என்றாள் பாஞ்சாலி.

"தெரியுது அண்ணி."

பதினைந்து நாள் கழித்து, பூங்காவில் எடுத்த போட்டோ தபாலில் வந்தது. அன்றைக்குப் பாஞ்சாலி விழுப்புரம் வீட்டுக் கூடத்தில், சன்னலோர நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணவேணி மஸ்கட்டுக்குக் கடிதம் எழுதி முடித்தாள். நாள், போன பஸ், தங்கிய குடில், ராட்டினத்தின் உயரம், எல்லாம் வரிசையாக. மாட்டினியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"அது ஏன் இல்ல? எழுது" என்றான் அப்பாதுரை. அவள் பேனாவை எடுக்காததைப் பார்த்து, தானே வாங்கி, கடைசியில் நாலு கோணல் வரி எழுதினான். அனுப்புநர் இடத்தில் தன் பெயரையும் எழுதினான். கிருஷ்ணவேணி போட்டோவை உள்ளே வைத்து, சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

அவன் கவரோடு வாசலைத் தாண்டும்போது பாஞ்சாலி குரல் கொடுத்தாள். "பொட்டில போட்டுட்டு நேரா வூட்டுக்கு வா. எங்கியாவது மாட்டினிக்குப் போயிடாத."

தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் கவர் விழுந்தது. பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, அப்பாதுரை நேராக வீட்டுக்குத் திரும்பினான்.