பதினேழாம் நம்பர் போன்

அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகத்தான் வரும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, மெயிலில் வந்த ஒரு வெப்சைட் முகவரியைத் திறந்தபோது, வெள்ளைத் திரையின் நடுவில் ஒரே ஒரு வரி, அச்சடித்ததுபோலத் தெளிவாக நின்றது.

‘பதினாலாம் தேதி வேலைக்கு வந்தேன்.’

ஃபீபி பார்த்துக்கொண்டே இருந்தாள். பயம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. மூன்று மாதமாகவே அவளுக்கு எதுவும் வருவதில்லை. அழுகையும் இல்லை, பசியும் இல்லை.

ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்தத் தோல் கம்பெனியில் அவளுக்கு ஒன்பது வருட ஆபீஸ் வேலை. ஜூன் பதினாலாம் தேதி, மூன்றாம் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய சம்பத் ஏறி வரவில்லை. விஷவாயு. அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை, யாருக்கும் தெரியாமல் உள்ளே புகுந்துவிட்டான் என்று மேனேஜர் அப்துல் கரீம் சொல்லச் சொல்லக் கடிதம் டைப் அடித்தவள் ஃபீபிதான். வருகைப் பதிவேட்டில் அவன் போட்டிருந்த கையெழுத்தை பிளேடால் சுரண்டியவளும் அவள்தான்.

“நம்மகிட்ட தோல் வாங்கற ஜெர்மன்காரன் மெயில் போட்டிருக்கான்” என்றார் கரீம், தொப்பியைச் சரிசெய்தபடி. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “நம்ம கம்பெனி பேர்லயே இன்னொரு வெப்சைட்டு, கடைசில ஒரு எழுத்து மட்டும் ஜாஸ்தி. இன்னா இதுன்னு கேக்கறான். அந்தப் பேர யார் வாங்கி வெச்சிருக்காங்கன்னு பார்க்க முடியுமில்ல?”

“முடியும் சார். பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் வரும்.”

“பார்த்து வைம்மா. தொழுதுட்டு வர்றேன்.”

அவருக்கு முன்பே எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். தோல் சுற்றும் டிரம்கள் ஒவ்வொன்றாக நின்று, அவற்றுக்குள் மிச்சமிருந்த தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் புரண்டு அடங்கியது. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை, காற்று நின்றுபோன அந்த ஒரு மணி வெயிலில் மாடி ஜன்னலைத் தாண்டி வந்து மேஜைமேல் படிந்தது. மோடம் கிறீச்சிட்டு மறுபடி இணைப்பைப் பிடித்தது. டொமைன் பெயரை அடித்துத் தேடினாள். விவரம் வரிவரியாக இறங்கியது.

உரிமையாளர்: சம்பத். பதிவு செய்த நாள்: ஜூன் பதினாலு. முகவரி: இதே கம்பெனி, மூன்றாம் தொட்டி. நிர்வகிப்பவர் என்ற இடம் காலி. தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்ற இடமும் காலி.

போன்: ஆபீஸ் நம்பர், உள்எண் பதினேழு.

பதினேழு, தொட்டிக்குப் பக்கத்திலிருக்கும் பம்ப் ஷெட். சம்பத் போன பிறகு அதைப் பூட்டிவிட்டார்கள். போன் ஒயரையும் அறுத்துவிட்டார்கள்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் ரிசீவரை எடுத்தாள். ஒன்று, ஏழு. ஜன்னலுக்கு வெளியே, பூட்டிய ஷெட்டுக்குள் மணி அடிப்பது கேட்டது. இரண்டு முறை. நின்றது.

“மேடம்” என்றது குரல், சம்பளநாளில் சம்பத் ஆபீஸ் வாசலில் நின்று கூப்பிடுவதுபோலவே, பணிவாக. “சார் கிளம்பிட்டாரா?”

“கிளம்பிட்டாரு” என்றாள் ஃபீபி.

“சரிங்க மேடம்.”

கீழே முற்றத்தில் கரீம் நடந்துகொண்டிருந்தார். வெள்ளை ஜிப்பா. கேட்டுக்கு முன் அவருடைய கார் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டி நடந்தார். தொட்டிகளின் பக்கம் திரும்பினார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் இரும்பு மூடியை ஒரு கையால் நகர்த்தினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, பழக்கப்பட்டவர்போல, முதுகைக் காட்டித் திரும்பி, ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். இடுப்பு. தோள். கடைசியில் தொப்பி.

கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைக்கூடத் திறந்தாள். மூடிக்கொண்டு உட்கார்ந்து மறுபடி தேடினாள்.

நிர்வகிப்பவர்: அப்துல் கரீம். கடைசியாக மாற்றிய நேரம், ஒன்று நாலு. சுவர்க் கடிகாரத்திலும் ஒன்று நாலு.

அதற்கும் கீழே, தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்று காலியாக இருந்த இடத்தில், ஒரு எழுத்து விழுந்தது. பிறகு இன்னொன்று. டைப் தெரியாத ஒருவன் ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பதுபோல.

ஃபீ.

அவள் போன் ஒயரைப் பிடுங்கினாள்.

பி.

கம்ப்யூட்டர் ஒயரையும் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

ஓடினாள். மாடிப்படி. கேட்டுக்குப் போனால் போதும். ரோட்டில் பஸ் போகும், ஆள் இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கைப்பிடி ஈரமாக இருந்தது. சில்லென்றிருந்தது. உருண்டையான கம்பி. படிகள் செங்குத்தாகிக்கொண்டே போயின. எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே சதுரமாகக் கொஞ்சம் பகல்.

மூச்சு நெஞ்சில் இறங்க மறுத்தது.

அடுத்த படியைத் தேடி வலது காலை நீட்டினாள். கால் காற்றில் துழாவியது. கீழேயிருந்து ஒரு கை, ஊறிப்போன, மெத்தென்ற கை, அவள் குதிகாலை மெதுவாகப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, இடது காலுக்காகக் காத்திருந்தது.