முழங்கைக்கு நாலு விரல் கீழே

கட்டுக்கலையில் எங்கள் வீட்டுக் குசினியைக் கட்டியவர் ஒட்டகச்சிவிங்கியோடு குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். அம்மா நாலடி ஏழு அங்குலம். அடுப்புத் திட்டு அவருக்கு நெஞ்சு உயரம். இருபத்திரண்டு வருஷம் ஒரு பலாப் பலகையில் ஏறி, அதிலும் குதியை உயர்த்தித்தான் சமைத்தார். திட்டை இறக்கித் தரச் சொல்லும்போதெல்லாம் அப்பா, "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்.

ஒரு மார்கழியில் பலகை வழுக்கியது. அம்மா எழவில்லை. முப்பத்தோராம் நாள் பலகையைக் கொத்தி வெந்நீர் அடுப்பில் எரித்தவன் நான்.

அடுத்த வருஷம் ஒருவழியாக வந்தது. திவசம் முடிந்த கையோடு அண்ணாவுக்குக் கல்யாணம். வரப்போகும் சிந்துஜா அண்ணிக்குப் புதுத் திட்டும் அலுமாரிகளுமாகப் பேன்ட்ரி கபட் வேண்டுமாம்.

அலவத்துகொடயிலிருந்து கொத்தனார் ஹலீம் பாஸ் வந்தார். சமைக்கிற பெண்ணை நிற்கவைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நாலு விரல் கீழே சுவரில் பென்சில் கோடு போடுவார். அதுதான் அவருக்குத் திட்டின் உயரம். அண்ணி ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதுவரை பழையதை உடைக்கச் சொல்லிவிட்டு நானும் அப்பாவும் வேலைக்குப் போனோம்.

இருவரும் மூன்று மணிக்குத் திரும்பினால், சுவரில் கோடு.

என் இடுப்புக்கும் கீழே.

யாரை அளந்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்கட உம்மாவத்தான் தம்பி. பின்பக்கத்தால வந்தாங்க. பேசல்ல. நான் சொல்ல முந்தியே கைய மடக்கிக் காட்டினாங்க." கொஞ்சம் யோசித்தார். "முழங்கையில சுட்ட தழும்பு."

எட்டி எட்டித் தாளித்து, சட்டி பட்ட தழும்பு.

பின்கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது. சீமெந்துத் தூசிக்கு நடுவே அம்மா பூசும் தோள்வலித் தைலம் மணத்தது.

அம்மா இல்லை என்று பாஸிடம் நான் சொல்லவில்லை. வேலை பாதியில் நின்றுவிடும்.

அப்பா கோட்டுக்குப் பக்கத்தில் போனார். பிறகு விரலில் எச்சில் தொட்டு அழித்தார்.

"சிந்துஜா நல்ல உயரம். இதுல நின்னா அந்தப் புள்ளைக்கு முதுகு போயிரும்."

ஒரு பெண்ணின் முதுகைப் பற்றி அப்பா கவலைப்பட்டு அன்றுதான் கேட்டேன்.

கோடு அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று சொல். சொல்லவில்லை. எனக்கும் அப்பாவின் வாய்தான்.

ஞாயிறு அண்ணி வந்து கையை மடக்கினார். கருங்கல் திட்டு எழும்பியது, பழைய திட்டு இருந்த அதே உயரத்தில். கூரை வரைக்கும் அலுமாரி. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, பால் காய்ச்சப் போன அண்ணி கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பலகைய யாரு இங்க போட்டது? காலைத் தடுக்குது."

அடுப்புக்கு முன்னால் கிடந்தது.

நான் எரித்த பலகை.

அதன்மேல் ஈரமாக, காயாமல், பத்துக் கால்விரல்கள். குதி பதிந்திருக்கவில்லை.