மூன்றாவது ரேடியேட்டர்

வண்டிக்கு அடியில் பனி வெள்ளையாகவே இருந்தது. அதுதான் டில்டாவுக்குப் பிடிபடவில்லை. எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் பச்சை நிறம். ஒரு சொட்டு விழுந்தாலும் வாரக்கணக்கில் பனியில் கிடந்து காட்டிக்கொடுக்கும். நேற்று அவள் கையாலேயே கழுத்துவரை ஊற்றிய ரேடியேட்டர் இன்று காலி. கீழே ஒரு பொட்டுக் கறைகூட இல்லை.

இது மூன்றாவது ரேடியேட்டர். பழைய காரின் பின்பாதியை வெட்டி, வேகத்தைக் குறைத்து, முதுகில் முக்கோணப் பலகை மாட்டினால் ஸ்வீடனில் பதினைந்து வயதிலேயே ஓட்டலாம். அப்பா ஸ்டெல்லான் ஒரு கோடை முழுக்கப் படுத்துப் புரண்டு அவளுக்காகச் செய்த வண்டி இது. குடியை விட்ட பிறகு அவர் தொட்டு, பாதியில் போடாமல் முடித்த முதல் வேலை.

முதலாவது போனபோது, பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு அரித்துவிட்டது என்றார். இரண்டாவது போனபோது மின்சாரம் என்றார். குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க, சுவரிலிருந்து ஒரு ஹீட்டர் வயர் இரவெல்லாம் வண்டிக்குள் போகும். அதில் எர்த் சரியில்லை, மின்சாரம் கூலன்ட்டில் கசிந்து உலோகத்தை அரிக்கிறது என்று மீட்டர் வைத்துக் காட்டினார். வயரை மாற்றினார். டில்டா நம்பினாள். கழற்றிப் போட்ட இரண்டையும் கொட்டகையில் தனியாகத் திருப்பிப் பார்க்கும்வரை நம்பினாள்.

இரண்டிலும் கீழ் விளிம்பில், ஒரே இடத்தில் ஓட்டை. அரித்திருந்தால் சொரசொரப்பாக, வெள்ளைப் பொடி பூத்திருக்க வேண்டும். இங்கே அலுமினியம் வழுவழுவென்று மின்னியது. வருடக்கணக்காக நக்கப்பட்ட கரண்டிபோல மெலிந்து, மெலிந்து, கடைசியில் கிழிந்திருந்தது.

கூலன்ட் இனிக்கும். நாய்கள் நக்கிச் செத்துப்போகும். குடிக்க வேறெதுவும் கிடைக்காத மனிதர்களும் அதைத் தொட்டிருக்கிறார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"என்ன, மறுபடியும் காலியா?" என்று பள்ளி வாசலில் கூடப் படிக்கும் ஹம்புஸ் கேட்டிருந்தான். "உங்க வீட்ல வண்டிக்குமாடி அவ்ளோ தாகம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதன்பிறகு அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இன்று காலை அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். கழுத்தருகே மூக்கை வைத்து மூச்சை இழுத்தாள். சோப்பு, காபி, இரும்பு.

"என்னம்மா, காலங்காத்தால பாசம் பொங்குது?" என்று அவர் கேட்டார். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்க முடியாமல் அவள் திரும்பிக்கொண்டாள்.

மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. முற்றத்தில் ஹீட்டர் வயர் உறைந்து விறைத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் புகைபோக்கியிலிருந்து வந்த மரப்புகை தாழ்ந்து மிதந்தது. எஞ்சினுக்குள் சூடும் குளிரும் உரசி எங்கோ உலோகம் டிக் டிக்கென்று சொல்லிக்கொண்டிருக்க, திறந்த பானெட்டுக்குள்ளிருந்து அந்த இனிப்பு வாடை, கெட்டுப்போன பழம்போல, மெல்ல ஏறி அவள் தொண்டையில் ஒட்டியது. அப்பா கடைசி கேன் கூலன்ட்டை ஊற்றி, கசிவு எங்கே என்று பார்க்க, ரேடியேட்டரின் வாயில் கைப்பம்பைத் திருகிக் காற்றை அழுத்தினார். பம்பில் அழுத்தம் காட்டும் முள் மேலே ஏறியது. நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

"கீழதான் போகுது, பாத்தியா."

டில்டா குனிந்து டார்ச் அடித்தாள். "ஒண்ணுமே சொட்டலையே."

"சொட்டும், இரு."

முள் இன்னும் இறங்கியது. பனி வெள்ளையாகவே இருந்தது.

அவள் கேட்க நினைக்கவில்லை. வாய் கேட்டுவிட்டது. "அப்பா, நீதான் குடிக்கிறியா?"

அவர் பம்பை மெதுவாகக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அது விஷம் டில்டா."

"தெரியும்."

"தெரிஞ்சும் கேக்குற." கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. உன்ன என்ன சொல்ல, நான் வாங்கி வச்ச பேர் அப்படி. ஓட்டை எங்க இருக்குன்னு காட்டுறேன். கண்ணால பாத்துட்டா நம்புவல்ல?"

"வேண்டாம்பா. விடு."

"நம்புவல்ல?"

அவள் தலையசைத்தாள். அவர் விளக்கை எடுத்துக்கொண்டு, பனியில் மல்லாந்து வண்டிக்கடியில் நகர்ந்தார். பூட்ஸ் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன.

"கொஞ்சம் மேல… இந்தா, இங்க ஒரு…"

விளக்கு அணைந்தது.

"பல்பு போச்சா?"

பூட்ஸ் அசையவில்லை.

பிறகு ஒரு சத்தம். நாய் கிண்ணத்தில் குடிப்பதுபோல. சளக். சளக். அவசரமே இல்லாமல்.

அந்தக் குளிரிலும் டில்டாவின் முகம் கொதித்தது. அப்படியானால் உண்மைதான். அவள் பக்கத்தில் நிற்கும்போதே. கூடவே, தான் நினைத்தது சரி என்று அற்பமான ஒரு நிம்மதி. அதை உணர்ந்ததும் உடம்பே கூசியது.

"அப்பா, போதும். வெளிய வா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சத்தம் நிற்கவில்லை. அதன் நடுவிலேயே அப்பாவின் குரல் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு பேசுபவரின் குரல்.

"நான் இல்லம்மா."

சளக்.

"காலைப் பிடி. சத்தம் போடாத. மெதுவா இழு."

அவள் கால்கள் பின்னால் போயின. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. போனது அவளுக்கே தெரிந்தது. அவருக்கும் கேட்டிருக்கும், பனி நொறுங்கியதே.

"டில்டா."

திரும்பி வந்தாள். மண்டியிட்டாள். பூட்ஸைப் பிடித்தாள். இழுத்தாள். ஒரு சாண் வந்தார்.

குடிக்கும் சத்தம் நின்றது.

எதுவும் இல்லை. ஹீட்டரின் முணுமுணுப்பு மட்டும்.

மறுபடி இழுத்தாள். வரவில்லை. அந்தப் பக்கமிருந்தும் எதுவோ இழுத்தது. வெடுக்கென்று இல்லை. விளிம்புவரை நிரம்பிய கோப்பையை ஒருவர் தன் வாயருகே நகர்த்திக்கொள்வதுபோல.

மெதுவாக. சிந்தாமல்.