முகவரிச் சீட்டின் கீழே

ஆவியில் நனைந்த முகவரிச் சீட்டை மெர்ல் உரித்தெடுத்தபோது, அதன் கீழே இருந்திருக்க வேண்டிய வலக்கை அங்கு இல்லை.

பழைய வார இதழொன்றின் அட்டை அது. குடியேற்றக் காலத்து நீதிபதி ஒருவர், கரிய அங்கியும் வெண்சுருள் பொய்முடியுமாக, எவரையோ வெறுத்தபடி வீற்றிருந்தார். சட்டைக் கையின் பூவேலை விளிம்பு வரை ஓவியம் தெளிவாக இருந்தது. அதற்கப்பால் வெற்றுத் தாள். பசை அரித்திருந்தால் மை பிசிறியிருக்கும். இங்கோ ஒரு பிசிறும் இல்லை.

வெளியே தென் ஆஸ்திரேலியாவின் பர்ரா நகரத்து வடகாற்று அனலாய் வீசிற்று. கூரைத் தகரம் முறுகி முறுகி ஒலிக்க, திரையிழுத்த சமையலறையில் கெட்டிலின் ஆவியோடு பழைய மாப்பசையின் புளித்த வாடை நின்றது.

ஆளுநர், நீதிபதி என்று அக்காலப் பெரிய மனிதர்களின் படம் தாங்கிய இத்தகைய பன்னிரண்டு அட்டைகளையும் விற்ற சந்தைக்காரன் அன்றே சொன்னான்: "சீட்டை மட்டும் உரிச்சிடாதீங்கம்மா. முன்னாடி இதை வச்சிருந்த கிழவர் ஒவ்வொண்ணையும் மூலையிலேருந்து பிச்சு, வேணும்னே கை மேல ஒட்டியிருக்காரு."

மெர்ல் சிரித்தாள். ஆளுநரின் உடல்மீது எவனோ ஒரு சந்தாதாரனின் பெயர் ஒட்டியிருப்பதை, அட்டை சேகரிப்பவர் பொறுப்பதுண்டா? பதினொன்றைச் சென்ற வாரமே உரித்து, சட்டமிட்டு, முன்னறையில் மாட்டிவிட்டாள். அவற்றில் கைகள் இருந்தன. அவளே பஞ்சால் துடைத்தாள்.

முன்னறையில் அவளுடைய அக்கா நோரீன் இருந்தாள். பக்கவாதத்திற்குப் பின், பிறர் தூக்காமல் நாற்காலியைவிட்டு எழ இயலாதவள்.

"உன் மாப்பிள்ளைங்க எல்லாரும் குளிச்சாச்சா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"வாயை மூடு நோரீன். டீ கொண்டாரேன்."

"டீ கிடக்கட்டும். இவனுங்களைச் சுவத்தைப் பார்க்கத் திருப்பி மாட்டு. முறைக்கிறானுங்க."

"நீ முறைச்சா அவங்களும் முறைப்பாங்க."

சன்னலில் மோதிக்கொண்டிருந்த ஈயின் ரீங்காரம் அறுந்தது. கூரையும் அடங்கிற்று.

"கையை எடுடி மெர்ல். ஈரமா இருக்கு."

மெர்ல் சமையலறையில் நின்றிருந்தாள்.

"விளையாடாத. கழுத்து வலிக்குது."

சீட்டு! திரும்ப ஒட்டிவிடத் தொட்டியில் கிடந்ததை அள்ளினாள். அது கூழாகி விரலிடுக்கில் வழிந்தது. மற்றவை சென்ற வாரக் குப்பையோடு போயிருந்தன.

ஓடினாள். நடைவழி. கதவு.

சுவரில் பதினொரு சட்டங்கள். பதினொரு சட்டைக் கைகள். எல்லாம் வெறுமை.

நாற்காலியில் நோரீன் நிமிர்ந்திருந்தாள். அவள் தோளிலும் தாடையிலும் தொண்டையிலும் கைகள். பன்னிரண்டும் வலக்கைகள். மணிக்கட்டோடு முடிந்தவை, சதையற்றவை, சிவப்பும் நீலமும் மஞ்சளுமான அச்சுப் புள்ளிகளால் ஆனவை. அவை மெல்ல இறுகின. இறுகிய இடத்திலெல்லாம் நோரீனின் தோலும் புள்ளி புள்ளியாய்ப் பிரிந்தது. கழுத்து. கன்னம். உதடு.

தாளாகிவிட்ட முகத்தில் ஒரு கண் மட்டும் இன்னும் ஈரமாயிருந்தது. அது மெர்லைப் பார்த்து இமைத்தது.