அந்த மூலையை மிதிக்காதே!

செல்போன் அலறியது.

சுகன்யா அசையவில்லை. கொல்லைப்புற வாசற்படியில் நின்றவளின் கண்கள் தரையை விட்டு நகர மறுத்தன.

ராத்திரி பாகூரில் பேய்மழை. விடிந்து பார்த்தால்... புதிதாகப் போட்ட பேவர் கல் தரையில் மதில் ஓர மூலை மட்டும் உள்வாங்கிக் கிடந்தது!

அதுவும் வட்டமாக இல்லை. நீளமாக. ஓர் ஆள் கால் நீட்டிப் படுத்தால் எவ்வளவு இடம் பிடிப்பாரோ, அவ்வளவு!

போன் விடுவதாக இல்லை. எடுத்தாள்.

"சுகன்யாம்மா... நான் சின்னபொண்ணு பேசுறேன். அர்ச்சனாவோட அம்மா..." மறுமுனையில் அழுகை.

"சொல்லுங்கம்மா. ஏன் அழுவுறீங்க?"

"போன வாரம் கடைக்குப் போறேன்னு போன பொண்ணும்மா... இன்னும் வூடு திரும்பல. செல்லு சுவிட்ச் ஆஃப்ன்னே வருது. உங்க வூட்டுக்காரரக் கேட்டா, சொல்லாம கொள்ளாம வேலைய வுட்டு நின்னுட்டான்றாரு. உங்களுக்கு எதுனா தெரியுமாம்மா?"

"எனக்கு... எனக்குத் தெரியாதும்மா."

போனை வைத்தாள்.

அர்ச்சனா! கணவன் கலைவேந்தனின் மொபைல் கடையில் வேலை பார்த்தவள். ரெண்டு பேரையும் சேர்த்து வைத்து ஊர் அரசல்புரசலாகப் பேசியதுண்டு. சுகன்யா காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

அர்ச்சனா காணாமல் போனது போன வாரம்...

இந்தத் தரை போட்டு முடிந்ததும் போன வாரம்தான்!

போட்டவன் கலைவேந்தன். தனி ஆளாக! குக்கருக்கு வெயிட் போடத் தெரியாத மனுஷன், யூடியூபைப் பார்த்து நூல் பிடித்து, மண் தோண்டி, மணல் பரப்பி, ரப்பர் சுத்தியலால் கல்லைத் தட்டித் தட்டி...

'ஒரு கொத்தனாரக் கூப்புடுங்களேன்' என்றவள் மேல் எரிந்து விழுந்தான். அந்த மூலையை மட்டும், அவளை மடுகரைக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போட்டான்.

கடவுளே... கீழே என்ன இருக்கிறது? யார் இருக்கிறார்கள்?

"இன்னாடி பாக்குற?"

தூக்கிவாரிப் போட்டது. பின்னால் கலைவேந்தன்!

"ஒ... ஒண்ணுமில்லீங்க. மூலை எறங்கியிருக்கு."

"மழை பேஞ்சா எறங்கத்தான் செய்யும். வில்லியனூர் போயி எம்-சாண்ட் சொல்லிட்டு வர்றேன். கொட்டிச் சரி பண்ணிக்கலாம்."

"நான் வேணா கல்ல எடுத்து..."

"எடுக்காத!"

தெருவுக்கே கேட்கும் அதட்டல். உடனே சிரித்தான். அதட்டலை விட அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

"அந்த மூலைய மிதிக்காத. வழுக்கும். ஆமா... போன்ல யாரு?"

"எங்கம்மா."

"ஓஹோ..."

அவளையே ஒரு மாதிரி பார்த்தபடி பைக்கைக் கிளப்பினான்.

சத்தம் தேய்ந்ததும் போலீசுக்கு போன் போட்டாள்.

"சார்... பாகூர்லேர்ந்து பேசுறேன். எங்க வூட்ல பாடி இருக்கு சார்!"

"யாரு பாடிம்மா?"

"அர்ச்சனான்னு ஒரு பொண்ணு. எங்க வூட்டுக்காரரே கொன்னு பொதச்சிட்டாரு சார். மேல பேவர் பிளாக் போட்டு மூடிட்டாரு!"

"பதறாம அட்ரஸ் சொல்லு... ம்... ம்... சரி, எதையும் தொடாத. கெளம்பிட்டோம்."

தொடாதே என்றால் தொடாமல் இருக்க அவளால் முடியுமா? போலீஸ் வந்து தோண்டி, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்? கட்டின புருஷனைக் கொலைகாரன் என்று சொன்னவளை அவன் சும்மா விடுவானா? தோலை உரித்துவிடுவான்!

அவன் டூல் பையிலிருந்து பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். மூலைக் கல்லின் இடுக்கில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினாள்.

வந்துவிட்டது!

முதல் கல்தான் முரண்டு பிடித்தது. அடுத்ததெல்லாம் கையோடு வந்தது. சிமெண்ட் வைத்துப் பூசவில்லையே... வெறும் மணல்தானே! எடுத்தால் எடுத்த தடம் இல்லை. திரும்ப வைத்தால் வைத்த தடமும் இல்லை.

மணலை ஒதுக்கினாள். அடியில் பலகை!

ப்ளைவுட் துண்டுகளைக் குறுக்கே வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். மழைத் தண்ணீரில் ஊறி உப்பிப் போயிருந்தன. ஓரத்துத் துண்டை இழுத்துப் போட்டாள்.

குழி!

துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள்.

காலி!

அர்ச்சனா இல்லை. யாருமே இல்லை. பிரிக்காத ஒரு மூட்டை கல்லுப்பு மட்டும் இருந்தது. பிணத்தைக் குழிக்குள் இறக்கிவிட்டு மேலே கொட்டுவார்களே, அதே கல்லுப்பு!

"இன்னாக்கா தேடுறீங்க?"

திரும்பினாள்.

அர்ச்சனா! முழுசாக, உயிரோடு, தலையில் மல்லிகைப்பூவோடு நின்றாள்!

"அடிப்பாவி! உயிரோடதான் இருக்கியா! உங்கம்மா அங்க அழுதுகினு கெடக்குறாங்கடி! நான் என்னென்னமோ நெனச்சி..."

ஆனந்தத்தில் கட்டிப்பிடிக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

அர்ச்சனாவுக்குப் பின்னால், கேட்டைத் தாழிட்டுக்கொண்டிருந்தான் கலைவேந்தன். கையில் கடப்பாரை!

"இன்னாங்க... வில்லியனூர் போறேன்னு..."

"தெருமுனையில பைக்க நிறுத்திட்டு, ஒரு வாரமா ஒளிச்சி வச்சிருந்த இவள இட்டாரப் போனேன். வந்து பாத்தா, அதுக்குள்ள நீயே தொறந்து வச்சிட்ட. நல்லதாப் போச்சு."

"இந்தக் குழி யாருக்குங்க?"

அர்ச்சனா களுக்கென்று சிரித்தாள். "எனுக்கு இல்லக்கா!"

சுகன்யாவுக்குப் புரிந்தது.

"எனக்கா...?"

"வெள்ளிக்கெழம தெருவே வந்து பாத்துச்சுல்ல?" கலைவேந்தன் நிதானமாக நெருங்கினான். "செருப்பக் கழட்டிட்டு நடந்து, 'தர சூப்பரா இருக்கு'ன்னாங்கல்ல? அதுக்குத்தான் டீயும் பஜ்ஜியும் குடுத்தேன். நாளைக்கு நீ காணாம போனா எவன் இங்க தோண்டுவான்? 'அவ இருக்கும்போதே தர போட்டாச்சு சார், நாங்கதான் பாத்தோமே'ன்னு ஊரே சாட்சி சொல்லும்!"

"பாவி! டைவர்ஸ் கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா!"

"குடுத்திருப்ப. உங்கப்பா உன் பேருல எழுதி வச்ச ஏரிக்கர நெலத்தக் குடுப்பியா?"

"கத்துவேன்! ஊரக் கூப்புடுவேன்!"

"கத்து. பக்கத்து வூட்ல மிக்ஸி ஓடுது."

ஓடத்தான் செய்தது. இட்லிச் சட்னியோ, தோசைச் சட்னியோ... சுகன்யாவின் அலறலை அந்த மிக்ஸி அரைத்துத் தள்ளியது. முன்னால் கடப்பாரை. பின்னால் குழி. போன் பண்ணி எவ்வளவு நேரமாயிற்று? ஜீப்பைக் காணோமே!

"வேணாங்க... உங்க கால்ல விழுறேன்..."

"விழு. உள்ள விழு!"

அவள் வலப்பக்கம் ஓட முயன்றாள். மறிப்பதற்காக, அவன் மதில் ஓரமாகக் குறுக்கே பாய்ந்தான். அவள் இன்னும் பிரிக்காத கற்கள் மேல். தான் போட்ட தரை மேல். ஊறிப்போன பலகை மேல்!

மடார்!

கல்லும் மணலும் கடப்பாரையுமாக உள்ளே போனான் கலைவேந்தன்.

"ஐயோ... கால்! என் காலு போச்சே!"

"மிதிக்காதன்னு நீதானடா சொன்ன!" தன்னையறியாமல் கத்தினாள் சுகன்யா.

அர்ச்சனா ஒரு நொடி குழியைப் பார்த்தாள். மறு நொடி கேட்டுக்கு ஓடினாள். தாழ்ப்பாளை நீக்கிக் கேட்டைத் திறந்தாள்.

வெளியே ஜீப்!

இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் ஜெயசீலன், அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே உள்ளே வந்தார். "எங்கம்மா ஓடுற? யாரு நீ?"

"அ... அர்ச்சனா சார்."

"அர்ச்சனாவா? உன்னத்தானம்மா எடுத்துட்டுப் போவ வந்தோம்!"

குழியை எட்டிப் பார்த்தார். உள்ளிருந்து கலைவேந்தன் அம்மா, அப்பா என்று ஊளையிட்டான். ஜெயசீலன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"குழி இருக்கு... உள்ள இருக்கறவன் கத்துறான். செத்துப் போனவ ஓடுறா. ஏம்மா, பாடி இருக்குன்னு போன் பண்ணது யாரு?"

சுகன்யா கையைத் தூக்கினாள்.

"நான்தான் சார்."

"சரி... அந்த பாடி எங்க?"

சுகன்யா தூக்கிய கையை இறக்கவில்லை.

"அதுவும் நான்தான் சார்!"