அபோசெடே எழுதிய கடைசி வரி

“ஐயோ... அபோசெடே!”

அந்த அலறலில் நைஜீரியாவின் இபாதான் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்றாவது மாடியே கிடுகிடுத்தது.

கம்ப்யூட்டர் லேபின் தரையில் அபோசெடே கிடந்தாள். இருபத்து நான்கு வயது. பின்மண்டையில் ரத்தம். இரும்பு மேஜையின் முனையிலும் ரத்தம்!

அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு கதறியவள் ஜோலாடே. ஐந்து வருடமாக அவளோடு ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே கட்டில், ஒரே தட்டு.

நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஒகுன்ரிண்டே வந்தார். செல்போன் வெளிச்சத்தில் உடலைப் பார்த்தார். துணியால் மூடச் சொன்னார்.

“சொல்லும்மா. என்ன நடந்துச்சு?”

“ஹாஸ்டல்லேருந்து வந்தேன் சார்... மூணு இருபது இருக்கும். மாடி ஏறும்போதே கரண்ட் போச்சு. ஜன்னலெல்லாம் அடைச்ச லேப்... ஒரே இருட்டு. செல் லைட்டை அடிச்சுப் பார்த்தா...” மூடிய துணியைத் தொட்டாள். “தடுக்கி விழுந்திருக்கா சார். பாவி, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டா!”

“உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது தகராறு?”

பதில் சொன்னவர் டாக்டர் ஃபக்பென்ரோ. உயர்நிலை டேட்டாபேஸ் பாடம் நடத்துபவர். ஊர் வழக்கப்படி ‘ஐயா’ என்பதற்கு ‘ஓகா’ என்பார்.

“தகராறு இல்ல ஓகா. ஒரு வேலை. துறையில உதவி விரிவுரையாளர் இடம், ஒண்ணே ஒண்ணு! ரெண்டு பேருக்கும் ஒரே மார்க். நீங்களே பேசி முடிவு பண்ணுங்கன்னுட்டேன். விட்டுக் கொடுக்கறவ இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள தன் பேரை எடுத்துடணும். இல்லைன்னா வேலை வெளியாளுக்குப் போயிடும்.”

“பேரு எங்க இருக்கு?”

“இந்த லேப் டேட்டாபேஸ்லதான். அதைக் கட்டினதே இவங்க ரெண்டு பேரும்தான்.”

இன்ஸ்பெக்டர் இருண்டு கிடந்த திரையைப் பார்த்தார்.

“அப்ப செத்தவ கடைசியா என்ன டைப் பண்ணினா?”

“இனிமே எப்படி சார் தெரியும்?” ஜோலாடே மூக்கைச் சிந்தினாள். “கரண்ட் போயிடுச்சே... எல்லாம் அழிஞ்சிருக்கும்.”

டாக்டர் தயங்கினார்.

“அழியாதும்மா...”

“என்ன சார்?”

“எழுதினதைப் பதியச் சொல்லி கமிட் கொடுத்துட்டா அழியாது. மெஷின் எதையும் முதல்ல ஒரு லாக்ல, குறிப்பேடு மாதிரி, எழுதி வச்சுக்கும். கரண்ட் போய் வந்ததும் அந்த லாக்கைப் படிச்சு, விட்ட இடத்தைத் தானே சரி பண்ணிக்கும்.”

ஜோலாடேயின் முகத்தில் ஈயாடவில்லை.

“அந்தப் பாடம்... நீங்க நடத்தவே இல்லையே!”

“நாலு மாசம் ஸ்டிரைக்ல போச்சேம்மா. கடைசி அத்தியாயம் விட்டுப்போச்சு. அபோசெடே மட்டும் தானா உக்காந்து படிச்சா.”

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

“டாக்டர், நம்ம ஊர்ல கரண்ட் போனா முதல்ல என்ன கேக்கும்?”

“ஜெனரேட்டர் சத்தம்தான். காது கிழியுமே!”

“நான் மூணு மணிலேருந்து எதிர் கடையில அமலா களி தின்னுக்கிட்டிருந்தேன். ஒரு ஜெனரேட்டர் கூட உறுமலை. கீழே ஜெராக்ஸ் கடை மெஷின் நிக்காம ஓடுச்சு. இந்த ஒரு ரூம்ல மட்டும் கரண்ட் போச்சாம்!”

விறுவிறுவென்று கதவோரம் போனார். சுவரில் மெயின் சுவிட்ச் கீழே தள்ளப்பட்டிருந்தது.

தூக்கி விட்டார்.

பளிச்!

லேப் முழுக்க வெளிச்சம். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு எழுந்தது.

“ஏன்டி பொண்ணே சுவிட்சைத் தள்ளினே?”

ஜோலாடே உடைந்தாள்.

“அவ பட்டியலைத் திறந்து வச்சிருந்தா சார்! யார் பேரைடி எடுக்கறேன்னு கேட்டேன். சிரிச்சா. அஞ்சு மணிக்குத் தெரியும் போடின்னா! எங்கப்பா இல்ல சார்... எனக்குப் பின்னால தம்பி தங்கச்சி மூணு பேர் இருக்காங்க. என் பேரை அடிச்சுட்டான்னு நெனச்சு... ஒரு தள்ளுதான் தள்ளினேன். கொல்லணும்னு தள்ளல சார்! அப்புறம்... அவ எழுதினதாவது அழியட்டும்னு...”

டாக்டர் விசைப்பலகையைத் தட்டினார். பட்டியல் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்... மறுபடி படித்தார். பிறகு உரக்க வாசித்தார்.

“விலகுபவர்: அபோசெடே. காரணம்: ஜோலாடேவுக்கு இந்த வேலை என்னைவிட அவசியம். அவள்தான் நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள்.”



“இல்ல... இல்ல!”

ஜோலாடே துணியால் மூடிய உடல்மேல் விழுந்தாள். “சொல்லியிருக்கக் கூடாதாடி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!”

அவளைப் பிரித்தெடுக்க இரண்டு பெண் போலீசார் தேவைப்பட்டார்கள். மாடிப்படி முழுக்க அந்த அழுகை இறங்கிப் போனது.

டாக்டர் நாற்காலியில் சரிந்தார். “ரெண்டு பேரும் என் பிள்ளைங்க மாதிரி ஓகா. அந்த ஒரு அத்தியாயத்தை நான் நடத்தியிருந்தா...”

“நடத்தாததே நல்லது டாக்டர்!” இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். கண் ஓரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். “நடத்தியிருந்தா, எழுதினது அழியாதுன்னு தெரிஞ்சு அவ சுவிட்சைத் தொட்டிருக்க மாட்டா. ‘தடுக்கி விழுந்தா’ன்னு எழுதிட்டு, நான் இன்னொரு தட்டு அமலாவுக்குப் போயிருப்பேன்!”